டெல்ஸ்டார்: தோல்சாமான் கடை மாடியில் பிறந்த ஒற்றை ஹிட்

டெல்ஸ்டார் பாட்டில் ஒரு வார்த்தை கிடையாது. மூன்றேகால் நிமிடம் கருவிகள் வாசிக்கின்றன. கடைசிச் சுற்றில் ஒரு ஆண் குரல் சொல் இல்லாமல் மெட்டோடு சேர்ந்துகொள்ளும். அவ்வளவுதான் பாட்டு. 1962 டிசம்பர் 22-ம் தேதிப் பட்டியலில் அது அமெரிக்க பில்போர்டு பாட்டுத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்து மூன்று வாரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. பிரிட்டிஷ் குழு ஒன்று அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை. பீட்டில்ஸ் அந்த இடத்துக்கு வந்து சேர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வாசித்த தி டொர்னடோஸ் குழுவுக்கோ அமெரிக்காவில் அதற்குப் பிறகு பேர் சொல்ல ஒரு பாட்டு அமையவே இல்லை.

இதை ஐந்து இளைஞர்களின் அதிர்ஷ்டம் என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம். அது பாதிக்கதை. அந்த ஹிட் குழுவுடையது அல்ல, ஒரு வீட்டுடையது. அந்த வீட்டில் நடந்த வேலையை, கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கச்சேரி வாசிக்கிற நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக் கீபோர்டுக்காரர்களும், ஒலிபெருக்கி கட்டுகிற ரேடியோ செட்டுக்காரர்களும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள். அதனால்தான் கதையோடு, அந்தச் சத்தத்தை இன்றைக்கு நம் கையில் இருக்கிற சாமான்களில் எப்படிக் கொண்டுவருவது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பெயர் வந்த வழி முதலில். டெல்ஸ்டார் என்பது 1962 ஜூலை 10-ல் அமெரிக்கா ஏவிய தகவல்தொடர்பு செயற்கைக்கோள். எடை 77 கிலோ, விட்டம் 88 சென்டிமீட்டர் சுமார், உடம்பெங்கும் 3,600 சூரிய மின்கலங்கள், அத்தனையும் சேர்ந்து கொடுத்தது 14 வாட். நம் வீட்டு எல்.இ.டி. பல்பு ஒன்றுக்குச் சரியாகப் போகும். பூமியை ஒரு சுற்றுச் சுற்ற 2 மணி 37 நிமிடம். அட்லாண்டிக் கடலின் இரண்டு கரைக்கும் ஒரே நேரத்தில் அது தெரிவது ஒரு சுற்றில் 20 நிமிடம் சுமார். அந்த இருபது நிமிடத்துக்குள் அமெரிக்காவின் டிவி படம் ஐரோப்பாவுக்கு நேரலையாக வந்தது. உலகமே வாய்பிளந்தது. ஆனால், ஏவுவதற்கு முந்தின நாள்தான் அமெரிக்கா பசிபிக் வானத்தில் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு அணுகுண்டை வெடித்துப் பார்த்திருந்தது. அதில் கிளம்பிய கதிர்வீச்சு செயற்கைக்கோளின் டிரான்சிஸ்டர்களைப் பதம் பார்த்தது. நவம்பரில் பேச்சு நின்றது, ஜனவரியில் ஒருமுறை எழுப்பிப் பார்த்தார்கள், 1963 பிப்ரவரி 21-ல் ஒரேயடியாக ஓய்ந்தது. பாட்டு பட்டியலில் இருந்த காலம் முழுக்கக்கூட அந்தச் செயற்கைக்கோள் ஒழுங்காக வேலை செய்யவில்லை.

பாட்டைப் போட்டவர் ஜோ மீக். 1929-ல் இங்கிலாந்தின் நியூவென்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். விமானப்படையில் ரேடார் வேலை பார்த்தவர், பிறகு லண்டன் ஸ்டூடியோக்களில் ஒலிப்பதிவாளர். அவருக்கு ஸ்வரம் எழுதத் தெரியாது, எந்தக் கருவியும் வாசிக்க வராது. சுருதி சேராமல் பாடுவார். வேறொரு பாட்டின் பின்னணி டேப்பை ஓடவிட்டு, அதன் மேல் தன் மெட்டை ‘லா லா’ என்று பாடிப் பதிவு செய்து, வாசிக்கிறவர்களிடம் கொடுத்து ‘இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்பார். டெல்ஸ்டாருக்கு அவர் அப்படிப் பாடிய டேப் இன்றும் இருக்கிறது. கேட்டால் அதிலிருந்து இந்த மெட்டைப் பிரித்தெடுத்தவர்களுக்குத்தான் கும்பிடு போடத் தோன்றும்.

1960-ல் லண்டன் ஹாலோவே சாலை 304-ம் எண் கட்டடத்தில், தோல்சாமான் கடை ஒன்றின் மேல்மாடிகளை வாடகைக்குப் பிடித்து ஸ்டூடியோ வைத்தார். படுக்கையறை அளவு அறைதான் பதிவுக்கூடம். இடம் போதாதபோது பாடுகிறவரைக் குளியலறைக்கு அனுப்பினார், வயலின்காரர்களை மாடிப்படியில் நிறுத்தினார். ஓடு பதித்த குளியலறை நல்ல எதிரொலி தரும் என்பது அவருக்குத் தெரியும். 1964-ல் தி ஹனிகோம்ப்ஸ் என்ற குழுவுக்கு அவர் செய்த இன்னொரு ஹிட்டில், மைக்குகளைச் சைக்கிள் கிளிப் போட்டு மாடிப்படிக் கைப்பிடியில் மாட்டி, ஆட்களைப் படியில் நின்று மிதிக்கச் சொன்னார். டிரம் சத்தத்தோடு அந்த மிதியும் சேர்ந்துதான் அதன் தாளம். பெரிய ஸ்டூடியோக்களில் மைக்கைத் தள்ளி வைப்பதும், மீட்டர் முள் சிவப்புக்குள் போகாமல் காப்பதும் கட்டளை. மீக் மைக்கை டிரம்மின் வாயருகே கொண்டுபோனார், டிரம்முக்குள் போர்வையைத் திணித்தார், முள்ளைச் சிவப்பிலேயே வைத்தார். எதிரொலிப் பெட்டியைச் சுருள்கம்பி வைத்துத் தானே செய்துகொண்டார்.

டொர்னடோஸ் அவர் சேர்த்துக் கட்டிய குழு: ஆலன் கேடி, ஜார்ஜ் பெல்லமி இருவரும் கிட்டார், ஹைன்ஸ் பர்ட் பேஸ், ரோஜர் லவெர்ன் கீபோர்டு, கிளெம் கட்டினி டிரம்ஸ். 1962 கோடையில் அவர்கள் பில்லி ஃப்யூரி என்ற பாடகருக்குப் பின்னணி வாசிக்க கிரேட் யார்மத் கடற்கரையில் முகாம். கச்சேரி இல்லாத இடைவெளியில் லண்டனுக்கு வந்தார்கள், தாளம், பேஸ், கிட்டார் எல்லாம் வாசித்துப் பதிவு செய்தார்கள், யார்மத்துக்குத் திரும்பிவிட்டார்கள். ஊரெல்லாம் பேசுகிற அந்தச் சத்தம் அவர்கள் போன பிறகுதான் டேப்பில் ஏறியது. மீக்கின் ஆஸ்தான இசைக்காரர் ஜெஃப் கொடார்ட் வந்து முக்கிய மெட்டை வாசித்தார். கடைசியில் வருகிற குரலும் அவருடையதே. ஆகஸ்ட் 17-ல் டெக்கா கம்பெனி ரெக்கார்டை வெளியிட்டது. செயற்கைக்கோள் ஏவியதிலிருந்து எண்ணினால் 38-வது நாள்.

கொடார்ட் வாசித்தது கிளாவியோலின். 1947-ல் கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்ற பிரெஞ்சுக்காரர் செய்த கருவி. இரண்டு பெட்டி: ஒன்று மூன்று ஆக்டேவ் கட்டைகள் கொண்ட சின்ன கீபோர்டு, இன்னொன்று ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும். கீபோர்டைப் பியானோவின் அடியில் கவ்வி போட்டு மாட்டி, இடது கையில் பியானோ, வலது கையில் இது என்று வாசிப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். வால்வு ஆசிலேட்டர் ஒன்று கூர்மையான அலையைக் கொடுக்கும், வரிசையாக இருக்கிற சுவிட்சுகள் அதிலிருந்து வேண்டாத பகுதியை வடிகட்டும், வைப்ராட்டோவுக்குத் தனி சுவிட்சுகள் உண்டு. கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம். ஏற்ற இறக்கத்துக்கு முழங்காலால் தள்ளுகிற ஒரு நெம்புகோல்.

இந்தக் கருவி நமக்கு அந்நியமில்லை. 1954-ல் வந்த நாகின் இந்திப் படத்தில் ஊரையே ஆட்டுவித்த அந்த மகுடிச் சத்தம் மகுடி அல்ல, கிளாவியோலின்தான். வாசித்தவர் கல்யாண்ஜி, பிறகு ஆனந்த்ஜியோடு சேர்ந்து இசையமைப்பாளர் ஆனவர். சீவாளி வைத்து ஊதும் கருவிகளின் நெடி அதில் இருப்பதற்குக் காரணம், அதன் அலையில் அடிச்சுரத்தோடு மேல்சுரங்கள் ஏராளமாகக் கலந்திருப்பது. இந்தியாவில் பாம்பு ஆடியது, லண்டனில் ராக்கெட் பறந்தது. கருவி ஒன்றுதான்.

அடுக்குப் பதிவுதான் இதில் நுணுக்கமான வேலை. இன்றைக்குப் போல 64 டிராக் எல்லாம் அப்போது கிடையாது. மீக்கின் முக்கியமான டேப் மிஷின் லிரெக் கம்பெனியின் இரண்டு தடம் கொண்டது. மூன்றாவது சத்தம் வேண்டும் என்றால், பதிவானதை இன்னொரு மிஷினுக்கு ஓடவிட்டு, ஓடும்போதே புதுசையும் கூட வாசித்துக் கலந்து பதிய வேண்டும். நான்காவதுக்கு மறுபடி அதே. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி, ஒவ்வொரு தடவையும் உச்சஸ்தாயி மழுங்கும், டேப்பின் ‘உஸ்’ கூடும். கணக்கு இதுதான்: ஒரே அளவு ‘உஸ்’ உள்ள இரண்டு டேப் சேர்ந்தால் 3 டெசிபல் ஏறும், நான்கு டேப் சேர்ந்தால் 6 டெசிபல். தவறாக வாசித்துவிட்டால் பின்னால் போய்த் திருத்த முடியாது, கலந்தது கலந்ததுதான்.

ஆகவே எதை முதலில் பதிவது, எதைக் கடைசியில் பதிவது என்பதிலேயே பாதி வித்தை இருக்கிறது. முதலில் பதிந்தது அதிகமாக மழுங்கும், கடைசியில் பதிந்தது பளிச்சென்று நிற்கும். டெல்ஸ்டாரில் தாளமும் பேஸும் அடியில், கிளாவியோலின் மேலே. அந்தக் குதிரை ஓட்டத் தாளம் சற்றே புகைமூட்டமாகவும், மெட்டு கத்தி முனைபோலவும் கேட்பது இந்த வரிசையால்தான். வரிசையை மாற்றிப் பதிந்திருந்தால் மெட்டு மங்கி, டிரம் முன்னால் வந்து நின்றிருக்கும். டொர்னடோஸுக்குத் திரும்பிப் போகிற அவசரம் இருந்ததால் வரிசை இயல்பாகவே சரியாக அமைந்தது என்றும் சொல்லலாம்.

எக்கோவும் டேப்பிலிருந்தே வருவது. பதிகிற தலைக்கும் படிக்கிற தலைக்கும் நடுவே இருக்கிற தூரத்தை டேப் கடக்க எடுக்கிற நேரம்தான் தாமதம். தலைகளுக்கு இடையே 2 அங்குலம், டேப் விநாடிக்கு 15 அங்குலம் ஓடினால் 133 மில்லிவிநாடி. வேகத்தை ஏழரை அங்குலமாகக் குறைத்தால் தாமதம் இரட்டிப்பாகி 267. டேப்பைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிச் சுருதியைத் தூக்குவதும் மீக்கின் பழக்கம். வேகத்தில் 6 சதவீதம் ஏற்றினால் ஒரு அரைச்சுரம் ஏறும்.

இவ்வளவும் யாருக்காக? பெரிய ஹைஃபை வைத்திருப்பவர்களுக்காக அல்ல. நாலு அங்குல ஸ்பீக்கர் உள்ள டிரான்சிஸ்டருக்காகவும், காபிக்கடை ஜூக்பாக்ஸுக்காகவும். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அடிச்சத்தம் வராது, மிக மேலே உள்ளதும் வராது. நடுவில் இருக்கிற பட்டைதான் வரும். அந்தப் பட்டைக்குள் எல்லாவற்றையும் அடைத்து, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிற கம்ப்ரசர் வைத்து அமுக்கி, கூட்டத்தில் இந்தப் பாட்டு மட்டும் தூக்கலாகக் கேட்கும்படி செய்தார். அறுபதுகளில் திருச்செந்தூர், உவரி, தூத்துக்குடிக் கரையில் இலங்கை வானொலி பக்கத்து வீட்டில் பேசுவதுபோலக் கேட்டதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். உப்புத் தண்ணீர் மேல் மத்திய அலை அதிகம் தேயாமல் வரும், அதுதான் காரணம். அப்படி வருகிற சத்தமும் இதே நடுப்பட்டைதான். டெல்ஸ்டார் மாதிரிப் பதிவு அந்த ரேடியோவில் எதையும் இழக்காது.

பாட்டின் தொடக்கத்தில் வருகிற ராக்கெட் சத்தத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கும்போது எழும்புவது நெஞ்சுக்கூட்டில் அதிர்கிற அடிச்சத்தம். பாட்டில் அது துளியும் கிடையாது. வெறும் இரைச்சலும் ஊளையும்தான். ஆனாலும் கேட்ட எல்லோருக்கும் ராக்கெட் என்றே பட்டது, அந்தக் காலத்தில் யார் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார்கள்?

ஒரே ஹிட்டோடு ஏன் நின்றது என்றால், முதல் காரணம் மேலே சொன்னதுதான்: சத்தம் மீக்கும் கொடார்டும் போட்டது. மேடையில் அதை அப்படியே கொண்டுவரக் குழுவால் முடியாது. பிரிட்டனில் அடுத்து வந்த ‘குளோப்டிராட்டர்’ ஐந்தாம் இடம் வரை போனது, அதற்கடுத்த இரண்டும் இருபதுக்குள் வந்து இறங்கின. எல்லாம் அதே செய்முறை, அதே கட்டைகள். அமெரிக்கா திரும்பிப் பார்க்கவில்லை. 1963 தொடக்கத்தில் ஹைன்ஸைத் தனிப்பாடகராக ஆக்குகிறேன் என்று மீக்கே குழுவிலிருந்து எடுத்துக்கொண்டார். ஹைன்ஸின் முகத்தில் அவருக்கு இருந்த நம்பிக்கை தொண்டையில் இருந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் காலம். டெல்ஸ்டார் பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது 1962 அக்டோபர் 4-ம் தேதிப் பட்டியலில். பீட்டில்ஸின் முதல் ரெக்கார்டு வெளியானது அக்டோபர் 5. வாசிப்பு மட்டும் உள்ள பாட்டுக்கு மவுசு குறைந்து, தானே எழுதித் தானே பாடும் குழுக்களின் காலம் மறுநாளே தொடங்கிவிட்டது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் பெரிய மிகை இல்லை.

பணக்கதை இன்னும் மோசம். ஜான் லெட்ரு என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், 1960-ல் வந்த ‘ஆஸ்டெர்லிட்ஸ்’ படத்துக்குத் தான் போட்ட மெட்டைத் திருடிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். அந்தப் படம் பிரிட்டனில் 1965 வரை திரைக்கே வரவில்லை. ஆனாலும் வழக்கு முடிகிறவரை மெட்டுக்கான ராயல்டி முழுவதும் முடக்கம். லட்சக்கணக்கில் ரெக்கார்டு விற்றுக்கொண்டிருந்தபோதே கடனில் முழுகினார் மீக். மனநிலையும் கெட்டது. 1967 பிப்ரவரி 3-ம் தேதி மாடியை வாடகைக்கு விட்டிருந்த வயலெட் ஷென்டன் என்ற அம்மாவைச் சுட்டுக் கொன்று, தன்னையும் சுட்டுக்கொண்டார். வழக்கு அவர் பக்கமாக முடிந்தது அதற்குப் பிறகு. அவர் விட்டுப்போன 1,800-க்கும் மேற்பட்ட டேப்புகள் 67 தேயிலைப் பெட்டிகளில் கிடந்தன. கிளிஃப் கூப்பர் என்பவர் எல்லாவற்றையும் 300 பவுண்டுக்கு வாங்கிப் பல பத்தாண்டு பத்திரமாக வைத்திருந்தார். 2020-ல் செர்ரி ரெட் கம்பெனி அவற்றை வாங்கியது. கிட்டார் வாசித்த ஜார்ஜ் பெல்லமியின் மகன் மேத்யூ, மியூஸ் குழுவின் பாடகர். அந்தக் குழுவின் குதிரை ஓட்டப் பாட்டுகளைக் கேட்கிறவர்களுக்கு வாசனை எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

இனி வாசிக்கிற வேலை. மெல்லிசைக் கச்சேரியில் பாடகர்கள் மேடையேறும் முன் ஒரு வாசிப்பு போடுவோமே, அந்த இடத்துக்கு இது கச்சிதம்.

கீபோர்டில் ‘ஸ்கொயர் லீட்’ அல்லது ‘சா லீட்’ எடுங்கள். மோனோ ஆக்குங்கள், இரண்டு கட்டை ஒருசேர அழுத்தினால் ஒன்றுதான் பேச வேண்டும். டச் ரெஸ்பான்ஸை அணைத்துவிடுங்கள். பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இங்கேதான்: டச் இருந்தால் சுரத்துக்குச் சுரம் சத்தம் ஏறி இறங்கி, அது வேறு கருவி ஆகிவிடும். ஏற்ற இறக்கம் வேண்டுமானால் வால்யூம் பெடல், முழங்கால் நெம்புகோலுக்குப் பதில் அதுதான். வைப்ராட்டோ விநாடிக்கு ஆறு சுற்று, சுரம் தொடங்கும்போதே தொடங்க வேண்டும். இப்போதைய கீபோர்டுகளில் வைப்ராட்டோ அரை விநாடி தாமதித்து வரும்படி வைத்திருப்பார்கள், அந்த டிலேயைப் பூஜ்யமாக்குங்கள். சுரத்துக்குச் சுரம் வழுக்கும் போர்ட்டமென்டோவும் வேண்டாம்.

ஒற்றை அடுக்காக வாசித்தால் பொம்மைக் கீபோர்டு மாதிரி இருக்கும். அதே மெட்டை ஒரு ஆக்டேவ் கீழே இன்னொரு வாய்ஸில் சேருங்கள், சுருதியை 5 முதல் 8 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) விலக்கி வையுங்கள். அதற்கு மேல் விலக்கினால் அலைபாயும். மூன்றாவதாகப் பியானோ, அடிச்சத்தத்தை வெட்டிவிட்டு, சுத்தியல் அடி மட்டும் கேட்கிற அளவுக்கு. எக்கோ 130 மில்லிவிநாடி, ஒரே ஒரு திரும்பல். ரிவெர்பில் ‘ஸ்பிரிங்’ இருந்தால் அது, ‘ஹால்’ வேண்டாம். சத்தப் பட்டைகளைக் கூட்டிக் குறைக்கிற ஈக்யூவில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 2 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தை 4 டெசிபல் தூக்குங்கள்.

தாளம் ‘டக்-டகு டக்-டகு’, ஒரு நீளம் இரண்டு குட்டை. ரிதம் பேடுக்காரர் இதில் கைவரிசை காட்டக் கூடாது, நடுவில் ரோல் போட்டால் குதிரை இடறும். நடுவே மெட்டைக் கிட்டார் எடுத்துக்கொள்ளும் இடத்தில் கீபோர்டு முழுக்க ஒதுங்கிவிட வேண்டும். கடைசிக் குரலுக்குக் ‘கொயர்’ வாய்ஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள். பாளையங்கோட்டை தேவாலயப் பாடகர் குழுக்களில் கள்ளக்குரலில் சுத்தமாகப் பாடும் ஆண்கள் உண்டு, ஒருவரைப் பிடித்தால் போதும்.

ராக்கெட்டுக்கு: ‘நாய்ஸ்’ வாய்ஸை அழுத்திப் பிடித்து, ஃபில்டரை 500 ஹெர்ட்ஸிலிருந்து 4 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டு விநாடியில் திறந்துகொண்டே போங்கள். டிலேயின் ஃபீட்பேக் 60 சதவீதம். 70-ஐத் தாண்டிக்கொண்டே போனால் ஊளை அடங்காது, ஒரு கை டிலேயின் வால்யூம் மேலேயே இருக்கட்டும்.

செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ அடுக்கடுக்காகப் பதிகிறவர்களுக்கு டேப் ‘உஸ்’ தொல்லை இல்லை, தாமதத் தொல்லை உண்டு. ஒவ்வொரு அடுக்கும் 20, 30 மில்லிவிநாடி பின்தங்கி ஏறும். முதல் அடுக்கின் தொடக்கத்தில் ஒரு கைதட்டல் பதிந்து, மற்ற அடுக்குகளிலும் அதே இடத்தில் தட்டி, அலைப்படத்தில் தட்டல்களை ஒன்றின் மேல் ஒன்றாக நகர்த்திவிட்டால் முடிந்தது. உச்சம் மைனஸ் 6 டெசிபலுக்கு மேல் போக வேண்டாம். மீக் சிவப்பில் ஓட்டினாரே என்றால், டேப் சிவப்பில் மெதுவாக வளைந்து கொடுக்கும், டிஜிட்டல் முறிந்துவிடும்.

ரேடியோ செட்டுக்காரர்களுக்கு ஒரு முக்கிய விஷயம் பாத்துக்கிடுங்க. ஒரே உச்சம் உள்ள சைன் அலையைவிடச் சதுர அலையில் சக்தி இரண்டு மடங்கு. சாதாரணச் சினிமாப் பாட்டில் உச்சம் அவ்வப்போது வந்து போகும், ஸ்பீக்கர் யூனிட்டுக்குள் இருக்கிற கம்பிச் சுருளான காயில் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். இந்த மெட்டு இடைவெளி இல்லாமல் இழுத்துப் பிடிக்கிற சதுர அலை. பாட்டுக்கு வைக்கிற அதே வால்யூமில் வைத்தால் மூன்று நிமிடத்துக்குள் யூனிட் சூடாகி, காயில் போய்விடக்கூடும். கூம்புக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தால் 30 வாட் யூனிட்டை லைன் டிரான்ஸ்ஃபார்மரின் 15 வாட் முனையில் மாட்டுங்கள். 250 வாட் ஆம்புக்கு 30 வாட் முனையில் எட்டுக் குழாய்தான் கணக்கு, எட்டு முப்பது 240. ஒன்பதாவதை மாட்டி ஆம்பைக் குறை சொல்லக் கூடாது. குழாயின் வாய் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எப்படியும் பேசாது, ஆனால் அந்தச் சக்தி டயஃப்ரத்தை மட்டும் உதைத்துக்கொண்டிருக்கும். மிக்ஸரிலேயே வெட்டிவிடுவது யூனிட்டுக்கு நல்லது.

இப்போது கூம்புக் குழாய்க்குப் போலீஸ் கெடுபிடி, இரவு பத்து மணிக்கு மேல் எந்தச் செட்டும் கிடையாது, ஆகவே பாக்ஸ்தான் அதிகம். பாக்ஸில் ஈக்யூவை மாற்ற வேண்டும். சப்வூஃபர் வழியாக இந்தப் பாட்டை அனுப்பாதீர்கள், பேஸ் கிட்டாரின் உறுமல் மெட்டை மூடிவிடும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, மேலே 8 கிலோஹெர்ட்ஸுக்கு அப்பால் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். லேப்டாப்பிலிருந்து பின்னணி ஓடவிட்டால் சார்ஜர் எர்த் வழியாக 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறும். ஜெனரேட்டர் கரண்டில் அது இன்னும் கூடும். லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே எர்த் தொடர்பைத் துண்டிக்கிற டி.ஐ. பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியைப் போட்டால் அடங்கும், சார்ஜரைக் கழற்றிவிட்டாலும் அடங்கும்.

மூலத்தைக் கேட்டுப் பழக வேண்டியவர்கள் பதிப்பைப் பார்த்து எடுங்கள். இணையத்தில் இதே பெயரில் பல வாசிப்பு கிடக்கிறது. அமெரிக்காவின் தி வென்ச்சர்ஸ் கிட்டாரில் வாசித்தது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வேறு சரக்கு. ‘ஒரிஜினல் டொர்னடோஸ்’ என்று போட்டிருந்தால் ஏமாறாதீர்கள், அது பழைய ஆட்கள் நால்வர் சேர்ந்து 1975-ல் மறுபடி பதிந்தது, மீக்கும் அந்த மாடியும் அதில் இல்லை. 1962 பதிவு மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் வேறு வேறு சத்தம் பிரிந்து வந்தால் யாரோ பின்னால் கைவைத்தது. டெக்கா 45 ரெக்கார்டு கிடைத்துப் போடுகிறவர்கள், ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜாக இருந்தால் ஆம்பில் மோனோ பட்டனை அழுத்திக்கொள்ளுங்கள். மோனோ ரெக்கார்டில் பாட்டு முழுவதும் ஊசியின் பக்கவாட்டு ஆட்டத்தில்தான் இருக்கிறது. மேலும் கீழும் ஆடுவதில் வருவது தூசிச் சத்தம் மட்டுமே, பட்டன் அதைக் கழித்துவிடும்.